ஜூலியட்டா, எவன்ஸா? குளிர் நாட்டு வளவுக்கு எந்தச் செர்ரி?

கொழும்பில் இருக்கும் எங்களுக்குச் செர்ரி என்றால் கேக்கின் மேல் வைக்கும் சிவப்புப் பாகுப் பழம்தான். ஆனால் கனடாவில் எட்மன்டன், வினிபெக் பக்கம் வீடு வாங்கிய சொந்தக்காரர் விடுமுறைக்கு வெள்ளவத்தைக்கு வந்தால், பின்வளவில் எந்தச் செர்ரி வைக்கலாம் என்ற பேச்சு எப்படியும் வந்துவிடுகிறது. அக்கா குடும்பமும் எட்மன்டனில்தான். அவர்களுக்காகத் தேடிப் படித்ததில் எனக்குத் தெளிவான ஒரு முடிவு உண்டு.

கடையில் விற்கும் பிங் மாதிரியான இனிப்புச் செர்ரி அந்த ஊருக்குச் சரிவராது. மைனஸ் 30ஐத் தாண்டும் குளிரில் பூமொட்டு பிழைக்காது, மரமே பட்டுப்போகலாம். அத்தோடு பிங்குக்கு மகரந்தம் கொடுக்கப் பக்கத்தில் வேறு ரகம் ஒன்றும் நிற்க வேண்டும்.

ஆக, போட்டி புளிச்செர்ரிகளுக்குள்தான். இவை தன் மகரந்தத்திலேயே காய்க்கும், ஒரு கன்று போதும்.

அவற்றில் எவன்ஸ் என்ற ரகத்தை எனக்குப் பிடிக்கும். எட்மன்டனுக்குப் பக்கத்தில் ஒரு பழைய தோட்டத்தில் பல பத்தாண்டுக் குளிரைத் தாங்கி நின்ற மரங்களை, 1970களில் இயுவான் எவன்ஸ் என்ற தாவர நோய் நிபுணர் கண்டு கன்றெடுத்துப் பரப்பியிருக்காவிட்டால் அந்த ரகமே இன்று இருந்திராது. மூன்று நாலு மீற்றர் உயரும் உண்மையான மரம், வசந்தத்தில் வெள்ளையாகப் பூத்துக் கொட்டும். பழம் பளிச்சென்ற சிவப்பு, பிய்த்துப் பார்த்தால் உள்ளே வெளிர் மஞ்சள். நன்றாகப் புளிக்கும். அக்கா அதற்கு உப்பும் மிளகாய்த்தூளும் தூவி, காலிமுகத்திடல் அம்பரெல்லா அச்சாறு மாதிரியே செய்துவிடுகிறா. ஆனால் பிள்ளைகள் மரத்தடியில் நின்று பறித்துத் தின்னும் பழம் இது இல்லை.

அதற்குப் புதர்ச் செர்ரிதான் வேண்டும். சஸ்காச்சுவான் பல்கலைக்கழகம் புளிச்செர்ரியையும் சைபீரியப் பக்கத்துக் குட்டைச் செர்ரியையும் கலந்து உருவாக்கிய ரகங்கள் இவை. 1999இல் கார்மைன் ஜுவெல் வந்தது, பிறகு ஜூலியட், ரோமியோ, கியூபிட் எல்லாம் வந்தன. மைனஸ் 40 வரை தாங்கும். இரண்டு மீற்றர் உயரம்தான் என்பதால் ஏணி இல்லாமல் பறிக்கலாம், குருவிக்கு வலை போடுவதும் சுலபம். வலை போடாவிட்டால் பழம் உங்களுக்கு மிஞ்சாது, அதை மட்டும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

கார்மைன் ஜுவெல் முந்திப் பழுக்கும், கொட்டை சின்னது, சாறு கறுஞ்சிவப்பு, விரலில் பட்டால் லேசில் போகாது. ஜாமுக்கும் ஜூஸுக்கும் அதுவே முதலிடம். ஜூலியட் பழம் கொஞ்சம் பெரிது, இனிப்பும் கூட. சிவந்தவுடன் பறிக்காமல் கறுக்கும்வரை விட்டால் அப்படியே சாப்பிடலாம். இரண்டும் முதல் சில வருடம் மெதுவாகத்தான் வளரும், மூன்று நாலு வருடத்துக்குப் பிறகே நல்ல விளைச்சல் தெரியும். நன்கிங் என்ற வேறொரு புதர்ச் செர்ரியும் குளிருக்கு உறுதியானதுதான், ஆனால் இரண்டு செடி வேண்டும், பழமும் சின்னது, வேலிக்கு வைக்கலாம்.

என் தெரிவு ஜூலியட். பிள்ளைகள் உள்ள வீட்டில் சின்ன வளவு என்றால் வேறு எதையும் யோசிக்கவே வேண்டாம். இடம் தாராளமாக இருந்து, நிழலும் பூவும் வேண்டும் என்றால் மட்டும் எவன்ஸ்.

இரண்டில் எதை வாங்கினாலும் ஒட்டுக்கன்று எடுக்காமல் சொந்த வேரில் வளர்ந்த கன்றாகக் கேட்டு வாங்குங்கள். கடுங்குளிரில் மேலே பட்டுப்போனாலும் அடியிலிருந்து அதே ரகம்தான் துளிர்க்கும்.

நுவரெலியாவில் வைத்துப் பார்க்கலாமா என்றும் சிலர் கேட்கிறார்கள். மொட்டு விழிக்க 7 பாகைக்குக் கீழே ஏறக்குறைய ஆயிரம் மணிநேரக் குளிர் வேண்டும், அது அங்கே கிடைக்காது. நுவரெலியாவுக்கு ஸ்ட்ரோபெரியே போதும்.