தோட்டத்துக் குருசடிக்குச் சுண்ணாம்புக் காரை: மரபுக் கொத்தனார்களின் வேலை எப்படி இருந்தது?

வாடிப்பட்டிக்கும் சோழவந்தானுக்கும் இடையில், எங்கள் குடும்பத் தோட்டத்தின் வண்டிப்பாதை ஓரமாக நிற்கும் வனத்து அந்தோனியார் குருசடியை, அதாவது அந்தப் புனிதருக்கான சிறு கத்தோலிக்க வழிபாட்டிடத்தை, பழுதுபார்க்க, கோயில் திருப்பணிகளில் சுண்ணாம்பு வேலை செய்து தேர்ந்த கொத்தனார் குழு ஒன்றை அமர்த்தினோம். மதுரை வட்டாரத்தில் இப்படிப்பட்ட சிறு குருசடிகளைப் பராமரிக்கும் குடும்பங்கள் பல இருப்பதால், அவர்களுக்குப் பயன்படும் என்று இதை விரிவாகவே எழுதுகிறேன்.

ஏழெட்டுப் பேர் நின்றால் நிறைந்துவிடும் கட்டடம் அது. 1895இல் பெரியாறு அணை திறக்கப்பட்டு, வைகையிலுள்ள பேரணையிலிருந்து பிரியும் பிரதானக் கால்வாய் வழியாக இப்பகுதிக்குத் தண்ணீர் வந்தபின், மானாவாரி நிலம் நெல்வயலானதற்கு நன்றியாகக் கொள்ளுத் தாத்தா கட்டினார் என்பது எங்கள் வீட்டில் வழிவழியாக வரும் செய்தி. வனத்து அந்தோனியார் கால்நடைகளின் பாதுகாவலர் என்பதால், அவருடைய திருநாளான ஜனவரி 17 அன்று, மாட்டுப் பொங்கல் முடிந்த கையோடு, எல்லாச் சமயத்தாரும் மாடுகளைக் குளிப்பாட்டி இங்கே ஓட்டி வருவார்கள். பங்குச் சாமியார் மந்திரித்த தண்ணீர் தெளிப்பார். பாதையின் மறுபுறம் ஒரு சுமைதாங்கிக் கல்லும் உண்டு. பிள்ளைப்பேற்றின்போது இறந்த பெண்களின் நினைவாக நடப்படும் கல் அது என்பதால், அந்த இடத்தில் குருசடிக்கும் முந்தைய துயரம் ஒன்று இருப்பதாகவே எனக்குத் தோன்றும்.

இடைக்காட்டூரில் 1894இல் பிரெஞ்சு சேசு சபைக் குரு பெர்தினாந்து செல் எழுப்பிய திரு இருதய ஆலயத்தின் வரலாறு ஊரறிந்தது. வயலோரக் குருசடிக்கு வரைபடமும் கிடையாது, கணக்கேடும் கிடையாது. அதன் சுவர்தான் அதற்கு இருக்கும் ஒரே ஆவணம். இந்தக் கொத்தனார்கள் அதை உணர்ந்து வேலை செய்தார்கள் என்பதே அவர்களைப் பற்றி நான் முதன்மையாகச் சொல்ல விரும்புவது.

முந்தைய பழுதுபார்ப்பின்போது வேறொருவர் வெளிச்சுவர் முழுவதும் சிமெண்ட் பூசி, அதன்மேல் எமல்ஷன் அடித்துவிட்டுப் போயிருந்தார். வாய்க்கால் பக்கத்துச் சுவரில் அடியிலிருந்து ஏறும் ஓதம், சுண்ணாம்புப் பூச்சாக இருந்தால் வெளியே உலர்ந்துவிடும். சிமெண்ட் அதைத் தடுத்ததால் ஈரம் செங்கல்லுக்குள்ளேயே தங்கி, உப்புப் பூத்து, செங்கல் மாவாக உதிரத் தொடங்கியது. இதைக் குழுவின் தலைமைக் கொத்தனார் முதல் நாளிலேயே விளக்கினார். உடனே கொத்தத் தொடங்காமல், நான்கு இடங்களில் உள்ளங்கை அகலத்துக்கு மட்டும் பூச்சை அடுக்கடுக்காகச் சுரண்டிக் காட்டினார். சிமெண்டுக்கு அடியில் நீலம் கலந்த வெள்ளையடிப்பு பல படலங்களாக இருந்தது. அதற்கும் அடியில், சுவரின் கால்பகுதியைச் சுற்றி ஒரு காவிப் பட்டை. அந்தப் பட்டையைப் பார்த்ததாகச் சொல்ல வீட்டில் இன்று யாரும் இல்லை.

இன்னொன்றையும் அவர்தான் கண்டுபிடித்தார். வாசலின் இடப்பக்கத்தில் மட்டும் பழைய மெல்லிய நாட்டுச் செங்கல்லுக்குப் பதிலாகத் பிற்காலத்துத் தடித்த சேம்பர் செங்கல் இருந்தது. புதிய சுரூபம் (புனிதரின் சிலை) வந்தபோது வாசல் கொள்ளாமல் சுவரை இடித்து உள்ளே கொண்டுபோனார்கள் என்று என் அத்தை சொல்லிவந்ததற்கு அது சான்றாக நிற்கிறது. அதை அப்படியே விட்டுவிடும்படி கேட்டுக்கொண்டோம். அவரும் அதைத்தான் விரும்பினார்.

நீற்றிய சுண்ணாம்பைத் தொட்டியில் ஊறவைத்து, மணல் சேர்த்து அரைத்து, கடுக்காயும் கருப்பட்டியும் ஊறிப் புளித்த நீரை விட்டுச் சாந்தைப் பக்குவப்படுத்தினார்கள். திருமலை நாயக்கர் மகாலின் பளபளப்புக்குக் காரணமாகச் சொல்லப்படும் முட்டை வெள்ளைக்கருவைப் பற்றிக் கேட்டேன்; மழையில் நனையும் வயலோரச் சுவருக்கு அது தேவையில்லை என்று தலைமைக் கொத்தனார் மறுத்தார். வாடிக்கையாளர் கேட்டதற்காக விலையை ஏற்றாத அந்த நேர்மை எனக்குப் பிடித்திருந்தது. காவிப் பட்டையை மீண்டும் அதே உயரத்தில் தீட்டிக் கொடுத்தார்கள்.

குறைகளும் உண்டு. நடுவில் ஒரு கோயில் கும்பாபிஷேக வேலை வந்ததும் எங்களுக்குச் சொல்லாமலே போய்விட்டார்கள். கொத்திய சுவர் அத்தனை நாளும் தார்ப்பாயை நம்பி நின்றது. உச்சிச் சிலுவையின் அடியை அவசரத்தில் சிமெண்ட் வைத்து ஒட்டியிருந்ததைப் பார்த்து, பிரித்துச் சுண்ணாம்பிலேயே மறுபடி செய்யச் சொல்ல வேண்டியிருந்தது. சுரண்டிய அடுக்குகளைப் படமெடுத்து வைக்கும் வழக்கமும் அவர்களிடம் இல்லை, நாங்களே எடுத்துக்கொண்டோம். சிமெண்ட் பூச்சுக்கு ஆகும் செலவைப்போல ஏறத்தாழ இரு மடங்கு ஆனது. சாந்து பதமாக நாள் பிடிப்பதாலும், ஒவ்வொரு பூச்சும் காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்து மெல்லத்தான் இறுகும் என்பதாலும், இந்தக் கூலி நியாயமானதே.

அமர்த்த நினைப்பவர்கள் ஐப்பசி, கார்த்திகை மழையைத் தவிர்த்துத் தை அறுவடைக்குப் பின் வேலையைத் தொடங்கச் சொல்லுங்கள். இடையில் வேறு வேலைக்குப் போகக் கூடாது என்பதையும், எந்த இடத்திலும் சிமெண்ட் கலக்கக் கூடாது என்பதையும் முன்பணம் கொடுக்கும்போதே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பூச்சு முடிந்தபின் நேர்வெயில் படாமல் ஈரச் சாக்குத் தொங்கவிட்டு, காலையும் மாலையும் நனைத்துவரும் பொறுப்பு வீட்டுக்காரர்களைச் சேர்ந்தது. அதற்கு ஆள் இல்லாவிட்டால் இந்த வேலையை ஒப்புக்கொள்வதில்லை என்று அவர்களே சொல்லிவிடுகிறார்கள்.