மூன்று நாள் டிரிப், வாயில் காசு

தோழி நேற்று ராத்திரி போன் செய்து, "தம்பிக்கு ஒரு கண் மங்கிடுச்சு, ஆப்டிக் நியூரைட்டிஸாம், கண் நரம்புல வீக்கமாம், ஸ்டீராய்டு ஏத்தணும்கறாங்க, ஏத்தலாமாடி?" என்று கேட்டாள். நான் பாட்டுக்குப் பொரிந்து தள்ளிவிட்டேன், பாவம். அதனால் இப்போது நிதானமாக எழுதுகிறேன். எனக்கு ஏற்றி ஒன்றே முக்கால் வருஷம் ஆகிறது.

இடது கண். மெத்தில்பிரட்னிசோலோன் என்கிற ஸ்டீராய்டு தினம் 1 கிராம் வீதம் மூன்று நாள், அப்புறம் 11 நாள் பிரட்னிசோலோன் என்கிற ஸ்டீராய்டு மாத்திரை. என் புகாரெல்லாம் அந்தச் சுவைதான். டிரிப் ஓட ஆரம்பித்த கொஞ்ச நேரத்தில், பழைய ஒரு ரூபாய்க் காசை யாரோ நாக்குக்கு அடியில் வைத்துவிட்ட மாதிரி ஆனது. சிஸ்டரிடம் சொன்னால் "அப்படித்தாம்மா இருக்கும்" என்கிறார், அதை முன்னாடியே சொன்னால் என்னவாம்! பக்கத்துக் கட்டில் பாட்டி சுருக்குப்பையிலிருந்து ஒரு எலுமிச்சை மிட்டாய் எடுத்துக் கொடுத்தார், அதை ஒதுக்கிக்கொண்டபோதுதான் காசு கொஞ்சம் விலகியது. காபி ஒரு வாரத்துக்குக் காபியாகவே இல்லை. தூக்கமும் போச்சு. விடிகாலை மூன்று மணிக்கு மளிகை டப்பாக்களை இறக்கித் துடைத்துக்கொண்டு, நடுநடுவே பொட்டுக்கடலையை அள்ளித் தின்றுகொண்டு, தூங்குகிற வீட்டுக்காரர் மேல் காரணமே இல்லாமல் எரிச்சல்பட்டுக்கொண்டு இருந்தேன். சர்க்கரை இல்லாத எனக்கே 200 தாண்டியது.

இத்தனைக்கும் பிறகுதான் இந்த நோய்க்கான சிகிச்சையை ஒப்பிட்ட ஓர் அமெரிக்க ஆய்வைப் பற்றிப் படித்தேன். முதல் முடிவு 1992இல் வெளிவந்தது, 457 நோயாளிகள். டிரிப்பில் ஏற்றியவர்களுக்குப் பார்வை சீக்கிரம் திரும்பியது, ஆனால் ஒரு வருஷம் கழித்துப் பார்த்தால் மருந்தே இல்லாத போலி மாத்திரை சாப்பிட்டவர்களும் அதே பார்வைக்கு வந்து நின்றார்கள். படித்தபோது வந்த கோபம் இருக்கிறதே! சில வார அவசரத்துக்கா இத்தனை காசைச் சப்பினேன்? அதைவிட முக்கியம், ஏற்றாமல் சாதாரண அளவு ஸ்டீராய்டு மாத்திரை மட்டும் சாப்பிட்டவர்களுக்கு நோய் திரும்ப வந்தது மற்றவர்களைவிட சுமார் இரண்டு மடங்கு. ஊசிக்குப் பயந்து "மாத்திரையாவே கொடுங்க டாக்டர்" என்று தம்பி கேட்கப் போகிறான் என்றால் இதைச் சொல்லிவிடு.

இன்னொன்று. அந்த ஆய்வு நடந்த காலத்தில் அக்வாபோரின்-4, மாக் (MOG) ஆன்டிபாடி பரிசோதனையெல்லாம், அதாவது கண் நரம்பைத் தாக்கும் வேறு வகை நோயா என்று பார்க்கும் ரத்தப் பரிசோதனைகள், கிடையாது. அந்த வகை என்றால் கதையே வேறு, அங்கே தாமதிக்கவே கூடாது, ஸ்டீராய்டோடு முடிவதும் இல்லை. எனக்கு இரண்டும் நெகட்டிவ், எம்ஆர்ஐயும் சுத்தம். அதாவது, ஏற்றாமல் இருந்திருந்தாலும் பெரும்பாலும் சரியாகியிருக்கும் கூட்டத்தில்தான் நான்.

இப்போது எப்படி? சார்ட்டில் கடைசி வரி வரை படிக்கிறேன். வெயிலில் நடந்து வந்தால் கொஞ்ச நேரம் மங்கும். குங்குமச் சிமிழைத் திறந்து ஒரு கண்ணை மூடிப் பார்த்தால் வலது கண்ணுக்குக் குங்குமம், இடது கண்ணுக்குப் பழைய செங்கல் தூள். தினமும் பார்க்கிறேன், பார்க்காமல் இருக்க முடியவில்லை.

ஆனாலும் நாலாம் நாள் காலையில் சுவர்க் கடிகாரத்தின் சின்ன முள் அந்தக் கண்ணுக்குத் தெரிந்தது. அப்போது போய் ஆய்வு, ஒரு வருஷம் என்று யாராவது என்னிடம் பேசியிருந்தால் அடித்திருப்பேன். இன்றைக்கு வந்தாலும் இன்றைக்கே போய்ப் படுத்துக்கொள்வேன்.

ஏத்திக்கச் சொல்லுடி. போகும்போது ஒரு பாக்கெட் எலுமிச்சை மிட்டாய் கொடுத்து அனுப்பு.