மாமல்லபுரமா, தட்சிணசித்ராவா? விருந்தாளிகளோடு இரண்டுக்கும் போய்ப் பார்த்த கதை

இரண்டையும் ஒரே வாரத்தில், ஒரே ஆட்களோடு பார்க்க நேர்ந்தது என் முட்டாள்தனத்தால்தான். மே மாத லீவுக்கு தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து பெரியம்மா வந்திருந்தார். வயது 72, இரண்டு முழங்காலிலும் தேய்மானம். கூடவே அக்கா பிள்ளைகள் இரண்டு பேர், ஒருத்திக்குப் பத்து வயது, பையனுக்கு ஆறு. சென்னைக்குத் தெற்கே முட்டுக்காட்டில், பழைய வீடுகளைக் காட்சிக்கு வைத்திருக்கும் தட்சிணசித்ராவுக்குப் போகலாம் என்று கிளம்பி, அங்கே போய் நின்றால் கேட் பூட்டியிருக்கிறது. செவ்வாய்க்கிழமை அவர்களுக்கு விடுமுறை, நான்தான் பார்க்கவில்லை. வந்தது வந்தோம் என்று வண்டியை அப்படியே ஈசிஆரில் (கிழக்குக் கடற்கரைச் சாலை) மாமல்லபுரத்துக்கு விட்டேன்.

மாமல்லபுரத்தைப் பற்றிப் புதிதாகச் சொல்ல என்ன இருக்கிறது. பல்லவர்கள், 1984-இலிருந்து யுனெஸ்கோ பட்டியல், ராஜசிம்மன் கட்டிய கடற்கரைக் கோயில், எல்லாம் பள்ளிக்கூடத்திலேயே படித்ததுதான். டிக்கெட்டும் மலிவு, இந்தியர்களில் பெரியவர்களுக்கு 40 ரூபாய், 15 வயதுக்குக் கீழே இலவசம், கடற்கரைக் கோயிலுக்கும் ஐந்து ரதத்துக்கும் சேர்த்து ஒரே டிக்கெட். அர்ச்சுனன் தபசு ரோட்டோரத்திலேயே இருக்கிறது, அதற்குக் காசே கிடையாது. அதில் ஒரு பூனை இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிப் பின்னங்காலில் நின்று தவம் பண்ணும், காலடியில் எலிகள் நம்பிக்கையோடு நிற்கும். அதைக் கண்டுபிடிப்பவர்களுக்கு ஐஸ்கிரீம் என்று பிள்ளைகளுக்குப் போட்டி வைத்தேன், பெரியவள் அரை நிமிஷத்தில் ஜெயித்துவிட்டாள். சிற்பத்தில் கொஞ்சமாவது ஆசை இருக்கிறவர்களுக்கு இதற்கு ஈடு தமிழ்நாட்டுக் கடற்கரையில் வேறொன்று கிடையாது, இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஆனால் நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மணி பதினொன்று. ஐந்து ரதத்துக்குள்ளே காலடியில் மணல், அதில் ஊன்றுகோல் புதைகிறது. கருங்கல் காலையிலிருந்து வாங்கி வைத்த வெயிலை நம் மேலேயே திருப்பித் துப்புகிறது. உட்கார இடமென்று பார்த்தால், நிழலும் உட்காரும்படியான உயரமும் ஒன்றாக அமைந்த இடம் ஒன்றுகூட எங்களுக்குக் கிடைக்கவில்லை. பெரியம்மா யானைச் சிலையின் நிழலில் நின்றுகொண்டு, "கல்லைப் பார்க்கக் கூட்டிட்டு வந்தியா, கல்லுல வச்சு வேகவைக்கக் கூட்டிட்டு வந்தியாடா?" என்றார். கடற்கரைக் கோயிலை அவர் பார்க்கவே இல்லை. வெளியே இளநீர்க்கடை நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார், நானும் பிள்ளைகளும் மட்டும் ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வந்தோம். கிருஷ்ண மண்டபத்தில் பால் கறக்கிற சிற்பத்துக்கு முன்னால்தான் அன்றைக்கு அவருக்குக் கொஞ்சம் உயிர் வந்தது, அங்கே கூரை இருக்கிறது.

வியாழக்கிழமை மறுபடி முட்டுக்காடு. இந்தத் தடவை முந்தின நாளே விசாரித்துவிட்டேன்.

தட்சிணசித்ரா 1996-இல் திறந்தது. தமிழ்நாடு, கேரளா, கர்நாடகா, ஆந்திரப் பக்கத்துப் பழைய வீடுகளைக் கழற்றிக் கொண்டுவந்து மறுபடி நிறுத்தியிருக்கிறார்கள். செட்டிநாட்டு வீடு, அக்கிரகாரத்து வீடு, நெசவாளர் வீடு, குயவர் வீடு, புதுப்பள்ளியிலிருந்து வந்த சிரியன் கிறிஸ்தவர் வீடு என்று போகிறது. இதையெல்லாம் இணையத்தில் படித்துக்கொள்ளலாம். படித்துத் தெரிந்துகொள்ள முடியாத விஷயம் ஒன்று இருக்கிறது, நான் இந்தப் பக்கம் சாய்ந்ததே அதனால்தான். தமிழ்நாட்டுப் பகுதியில் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு திண்ணை. நாலு எட்டு நடந்தால் உட்காரலாம், அதுவும் நிழலில், முதுகைச் சாய்த்துக்கொண்டு. மற்ற இடங்களில் காட்சிப்பொருள் ஒரு பக்கம், அலுத்துப்போய் உட்காருகிற பெஞ்சு இன்னொரு பக்கம். இங்கே உட்காருகிற இடமே காட்சிப்பொருள்.

பெரியம்மா ஒரு திண்ணையில் உட்கார்ந்து, வழவழவென்றிருந்த மரத்தூணை உள்ளங்கையால் ஒரு தடவு தடவிவிட்டுப் பேச ஆரம்பித்தார், மூன்று மணி நேரம் நிறுத்தவில்லை. முற்றத்தைப் பார்த்துவிட்டுச் சின்னவன், "மழை பெஞ்சா வீட்டுக்குள்ளயே விழுமே பாட்டி?" என்று கேட்டான். விழட்டும், அண்டாவை வைத்துப் பிடிப்போம், அந்தத் தண்ணியில் பருப்பு என்னமாய் வேகும் தெரியுமா என்று அவர் சொன்னதை அவன் நம்பவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. கேரளப் பகுதியில் இருக்கும் நெற்களஞ்சியத்தைப் பார்த்ததும், எங்கள் வீட்டுப் பத்தாயத்துக்குள் ஒளிந்துகொண்டு உன் அம்மா தூங்கிப்போய்விட்டாள், ஊரே தேடியது என்று ஒரு கதை. எனக்கே புதுசு. பிள்ளைகள் குயவர் சக்கரத்தில் மண்ணைப் பிசைந்து கோணலாய் ஆளுக்கொரு கிண்ணம் செய்துகொண்டார்கள்.

குறை இல்லாமல் இல்லை. நுழைவுக்கட்டணம் மாமல்லபுரத்தைவிட அதிகம், குடும்பமாகப் போனால் உறைக்கும். வீடுகளின் வாசற்படி உயரம், முழங்கால்காரர்களைக் கைபிடித்து ஏற்ற ஓர் ஆள் வேண்டும். கடல் எங்கே என்று பிள்ளைகள் நச்சரிப்பார்கள், திரும்பும்போது கோவளத்தில் கால் நனைக்க விட்டுத்தான் சமாளித்தேன். பதினைந்து பதினாறு வயதுப் பையன்களுக்கு இது எடுபடுமா? எங்களோடு அந்த வயதில் யாரும் வரவில்லை, அதனால் அடித்துச் சொல்லமாட்டேன்.

பழவேற்காட்டையும் சிலர் சொல்வார்கள். சென்னையைத் தாண்டி வடக்கே போகணும், நான் போனது ஒரே ஒரு தடவை, அதுவும் ஜனவரியில். ஏரியில் பூநாரைகள் தூரத்தில் வெள்ளைக் கோடு போட்டமாதிரி நின்றன, டச்சுக் கல்லறை வாசலில் செதுக்கியிருக்கும் எலும்புக்கூடுகள் இன்னும் கண்ணிலேயே நிற்கின்றன. பறவைகள் வருவது குளிர்காலத்தில், மே மாதத்துக்கு அது தோதுப்படாது.

வெளிநாட்டிலிருந்தோ வடக்கேயிருந்தோ முதல்தடவை வருகிறவர் என்றால் நானும் மாமல்லபுரம்தான் சொல்வேன். ஆனால் கோயில் ஆறு மணிக்குத் திறக்கும்போதே அங்கே நிற்கணும், ஒன்பதரைக்கெல்லாம் முடித்துக்கொண்டு டிபனுக்குப் போய்விடணும். வீட்டுப் பெரியவர்களோடு என்றால் முட்டுக்காட்டிலேயே வண்டியை நிறுத்திவிடுங்கள். ஒரே ரோடுதானே, ஒரே நாளில் இரண்டையும் முடித்துவிடலாம் என்று மட்டும் கணக்குப் போடாதீர்கள். பெரியம்மா அன்றைக்குத் திண்ணையை விட்டு எழுந்தபோது மணி நாலரை, அதுவும் காபி வாங்கித் தருகிறேன் என்று சொன்ன பிறகுதான் எழுந்தார்.