டிப்ஸ்டிக்கை அடுத்தவர் கையில் விட்டால்

நெடுந்தூரப் பயணத்தில் பெட்ரோல் போட நிற்கும்போது "ஆயில் செக் பண்ணிடவா சார்?" என்று யாராவது பானெட்டுப் பக்கம் வந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டால் போதும் என்றும் நினைக்காதீர்கள். நான் பக்கத்தில் நின்று, கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டேதான் ஏமாந்தேன்.

மூன்று மணி நேரம் விடாமல் ஓட்டிவிட்டு நின்றிருந்தேன். டேங்க் நிரம்பிக்கொண்டிருக்கும்போதே அந்த ஆள் கண்ணாடியைத் துடைத்தார், டயரைத் தட்டிப் பார்த்தார், அப்புறம் பானெட்டைத் திறக்கச் சொன்னார். ஆயில் மட்டத்தைப் பார்க்கும் குச்சியான டிப்ஸ்டிக்கை உருவித் துணியால் துடைத்தார். திரும்பச் செருகி, மறுபடி உருவி என் முகத்துக்கு நேரே நீட்டினார். நுனியில் மட்டும் கொஞ்சம் ஈரம். குறைந்தபட்சத்துக்குக் கீழே ஒன்று, அதிகபட்சத்துக்கு மேலே ஒன்று எனக் குச்சியில் இரண்டு குறிகள்; கீழ்க்குறியைக்கூடத் தொடவில்லை. "இதை வச்சுக்கிட்டு எப்படி சார் இவ்வளவு தூரம் வந்தீங்க?" என்றார். ஆயிலை இரண்டு விரலுக்கு நடுவே தேய்த்துக் காட்டி, "கறுத்தும் போச்சு." டேஷ்போர்டில் லைட் எதுவும் எரியவில்லையே என்று கேட்டேன். "லைட் எரிஞ்சா இஞ்சினே போச்சுன்னு அர்த்தம் சார்."

அவர் சொன்னதில் பாதி உண்மை. அதுதான் என்னை மடக்கியது. அந்தச் சிவப்பு விளக்கு காட்டுவது ஆயிலின் அழுத்தத்தை, அளவை அல்ல. ஆயில் மிகவும் இறங்கி, பம்ப் காற்றையும் சேர்த்து உறிஞ்ச ஆரம்பித்த பிறகுதான் பல கார்களில் அது எரியும். எரிந்துவிட்டால் அந்த இடத்திலேயே ஓரங்கட்டி இஞ்சினை அணைக்க வேண்டும். இது எனக்குத் தெரியும். தெரிந்திருந்ததால்தான் பயந்தேன்.

இரண்டு வாரத்துக்கு முன்னால் நானே பார்த்தபோது ஆயில் மேல்குறிக்குச் சற்றுக் கீழே இருந்தது. வீட்டில் கார் நிற்கும் இடத்தில் ஒரு சொட்டு ஒழுகல் கிடையாது, புகை கிடையாது. இரண்டு வாரத்தில் ஒரு லிட்டர் எங்கே போயிருக்கும்? கேட்டிருக்க வேண்டிய கேள்வி. ஆனால் காய்ந்த குச்சியைக் கண்ணெதிரே நீட்டும்போது பழைய நினைவு எடுபடுவதில்லை. "சரி, ஊத்துங்க" என்றேன். ஒரு லிட்டர் கேனை அப்படியே கவிழ்த்தார். மறுபடி குச்சியை விட்டு எடுத்துக் காட்டினார். மேல்குறிக்குச் சற்றுக் கீழே, பளபளவென்று. எனக்கே ஒரு நிம்மதி. காலி கேனைக் கேட்டு வாங்கி டிக்கியில் போட்டுக்கொண்டேன். எதையும் தூக்கிப் போட மனம் வராத பழக்கம் அன்றைக்குப் பிற்பாடு கைகொடுத்தது.

ஒரு மணி நேரம் கழித்து ஒரு ஏற்றத்தில் கண்ணாடியில் பார்த்தால் பின்னால் நீலநிறப் புகை. கருகிய எண்ணெய் வாசனை. இறங்கி, பத்து நிமிடம் காத்திருந்து நானே குச்சியை எடுத்தேன். ஆயில் மேல்குறியையும் தாண்டி, இரண்டு குறிகளுக்கும் இடையே எவ்வளவு தூரமோ கிட்டத்தட்ட அவ்வளவு தூரம் மேலே ஏறி நின்றது. சின்னச் சின்னக் குமிழ்கள் வேறு.

அதற்கு மேல் ஓட்டத் துணிச்சல் இல்லை. வண்டியை ஏற்றிக்கொண்டுபோய் ஒரு மெக்கானிக்கிடம் விட்டேன். கதையைக் கேட்டவர் ஒன்றும் பேசாமல் குச்சியைத் துடைத்தார். குழாய்க்குள் விட்டவர் கடைசி வரை அழுத்தவில்லை. கைப்பிடிக்கும் குழாய் வாய்க்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளி. மேலிருந்து பார்த்தால், அதுவும் உள்ளங்கை மறைத்துக்கொண்டால், தெரியவே தெரியாது. முழுதாக இறங்கினால் கைப்பிடியின் ரப்பர் வளையம் டக்கென்று உட்காரும். அந்த 'டக்' அன்றைக்குக் கேட்டதா என்று கேட்டார். கேட்கவில்லை. சரியாக இருந்த ஆயில், அரைகுறையாய் இறங்கிய குச்சியில் காலியாகத் தெரிந்தது. ஒரு லிட்டர் அதிகமான பிறகு அதே இரண்டு விரல் தில்லுமுல்லில் சரியாகத் தெரிந்தது. எவ்வளவு கச்சிதம் பாருங்கள்.

கொஞ்சம் கூட இருந்தால் நல்லதுதானே என்றுதான் நானும் நினைத்துக்கொண்டிருந்தேன். அப்படி இல்லையாம். மட்டம் ஏறினால், இஞ்சினின் அடியில் சுழலும் தண்டான கிராங்க் ஷாஃப்ட் ஆயிலில் அடித்து நுரைக்க வைக்கும். நுரையில் இருப்பது காற்று. காற்று உலோகத்துக்கு நடுவே படலமாக நிற்காது. ஆக, ஆயில் அதிகமாகியும் உராய்வு கூடும். மிச்சம், இஞ்சினின் மூச்சுக் குழாய் வழியாக, காற்றை உள்ளே இழுக்கும் இன்டேக்குக்குள் போய் எரிகிறது. நான் பார்த்த நீலப் புகை அதுதான். அப்படியே நெடுநாள் ஓட்டினால் சீல்கள் கசியும், புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரும் கெடும்.

டிக்கியிலிருந்த கேனை எடுத்துப் பார்த்தவர் தலையில் அடித்துக்கொண்டார். என் காரின் கையேட்டில் 0டபிள்யூ-20. ஊற்றியது 20டபிள்யூ-50. முதல் எண் குளிரில் ஆயில் எப்படி ஓடும் என்பதைச் சொல்வது (டபிள்யூ என்பது 'வின்டர்'), இரண்டாவது எண் 100 டிகிரி சூட்டில் அதன் கெட்டித்தன்மை. மெல்லிய ஆயிலுக்காக வடிவமைத்த இஞ்சினில் இவ்வளவு கெட்டியானதைக் கலந்தால், காலையில் ஸ்டார்ட் செய்ததும் மேல்பாகங்களுக்கு ஆயில் போய்ச்சேர நேரமாகும், மைலேஜும் இறங்கும். அதனால் அதிகப்படியை மட்டும் வடித்தால் போதாது என்று மொத்தத்தையும் ஃபில்டரோடு மாற்றினார். கறுத்ததைப் பற்றிக் கேட்டேன். கரியையும் அழுக்கையும் பிடித்து வைத்துக்கொள்வது ஆயிலின் வேலை, கறுக்கத்தான் செய்யும் என்றார். டீசல் வண்டியில் மாற்றிய கொஞ்ச நாளிலேயே கறுத்துவிடுமாம்.

அவர் ஊற்றிய விதத்தைச் சொல்ல வேண்டும். கையேட்டில் ஃபில்டரோடு சேர்த்து மூன்றரை லிட்டர் என்றிருந்தது. மூன்று லிட்டரை மட்டும் ஊற்றினார். ஒரு நிமிடம் இஞ்சினை ஓடவிட்டார், புது ஃபில்டர் தன் பங்கைக் குடிக்க வேண்டுமே. அணைத்துவிட்டுக் காத்திருந்தார். அப்புறம் கால் லிட்டருக்கும் குறைவாக ஊற்றி ஊற்றிக் குச்சியைப் பார்த்தார். ஊற்றுவது சுலபம், எடுப்பதுதான் கஷ்டம் என்று முனகிக்கொண்டார். பெரும்பாலான கார்களில் இரண்டு குறிகளுக்கும் இடையே சுமார் ஒரு லிட்டர்தான். அதனால் கீழ்க்குறியில் நின்றால்கூட ஒரே மூச்சில் ஒரு கேனைக் கவிழ்க்கக் கூடாது.

நியாயமாக ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். நின்ற உடனே பார்த்தால், ஆயிலில் ஒரு பங்கு இன்னும் இஞ்சினின் மேல்பாகத்திலேயே இருக்கும். நேர்மையான ஆள் பார்த்தாலும் கொஞ்சம் குறைவாகத்தான் காட்டும். சமதரையில் நிறுத்தி, ஐந்து பத்து நிமிடம் விட்டு, துடைத்து, டக்கென்று உட்காரும்வரை அழுத்தி எடுத்துப் பாருங்கள். குச்சியின் இரண்டு பக்கமும் வேறு வேறாகக் காட்டினால் குறைந்த பக்கத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். சில தயாரிப்பாளர்கள் இஞ்சின் ஆறியிருக்கும்போது பார்க்கச் சொல்வார்கள். கையேட்டில் இருப்பதுதான் கணக்கு.

திரும்பி வரும் வழியில் அதே இடத்தில் நிறுத்தினேன். அந்த ஆள் இல்லை. பொறுப்பில் இருந்தவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன், கேனையும் காட்டினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "செக் பண்ணும்போது நீங்க பக்கத்துலதானே நின்னீங்க?" என்றார்.

நின்றேன் என்றேன்.

"அப்புறம் என்ன சார்?" என்று அடுத்த வண்டியைக் கவனிக்கப் போய்விட்டார்.