சம்னவுன்: வரியில்லாப் பள்ளத்தாக்கில் என்ன வாங்கலாம்?

சுவிட்சர்லாந்தின் கிழக்கு ஓரத்தில், ஏறத்தாழ 1,840 மீட்டர் உயரத்தில், ஆஸ்திரிய எல்லையை ஒட்டியிருக்கும் சம்னவுனுக்குப் பொருள் வாங்குவதற்காகவே போகிறவர்கள் பலர். நாங்களும் அப்படித்தான் போனோம். ஸ்குவோலிலிருந்து புறப்பட்ட மஞ்சள் அஞ்சல் பேருந்து, வினாடி (Vinadi) என்ற இடத்தைத் தாண்டியதும் குறுகலான குகைப்பாதைகளுக்குள் நுழைந்து நுழைந்து மேலேறியபோது, ஒருபுறம் பாறை கையெட்டும் தூரத்தில் நகர, மறுபுறம் பள்ளம் ஆழமாகிக்கொண்டே போனது. 1892இல் இவ்வூருக்குச் சுங்க விலக்கு கிடைத்த காலத்தில் இந்தச் சாலைகூடக் கிடையாது. ஆஸ்திரியா வழியாக மட்டுமே வண்டி வரமுடிந்ததால், சொந்த நாட்டுப் பொருளே எல்லைச் சுங்கத்தைக் கடந்துதான் இங்கே வந்து சேரவேண்டியிருந்தது. 1912இல் சாலை முடிந்த பிறகும் சலுகை நீடித்தது.

கடைகள் சுத்தமானவை, சரக்கும் நிறைய. ஆனால் எல்லாமே மலிவு என்று நம்பிப் போகக்கூடாது. தொழிற்சாலைப் பொருள்களுக்கான இறக்குமதித் தீர்வையைச் சுவிட்சர்லாந்து 2024 தொடக்கத்திலேயே நீக்கிவிட்டதால், ஆடையிலும் வாசனைத் திரவியத்திலும் நமக்கு மிச்சமாவது பெரும்பாலும் 8.1 விழுக்காட்டு மதிப்புக்கூட்டு வரி மட்டுமே. மதுவின் கணக்கு வேறு: 40 விழுக்காடு சாராயமுள்ள ஒரு லிட்டர் புட்டிக்கு நாட்டின் மற்றப் பகுதிகளில் 11.60 பிராங்க் மதுவரி உண்டு. ஊராட்சி தன் பங்குக்கு ஒரு தனி வரி வாங்கினாலும் அங்கே மிச்சம் கண்ணுக்குத் தெரிகிறது. சொந்த வண்டியில் போகிறவர்கள் எரிபொருள் தொட்டியை நிரப்பிக்கொள்வதும் நல்லது.

எனக்கு மனக்குறை ஒன்றுதான். 2025 முதல் இங்கிருந்து சுவிட்சர்லாந்தின் மற்றப் பகுதிகளுக்கு ஆளுக்கு 150 பிராங்க் மதிப்புவரைதான் பொருள்களை வரியின்றிக் கொண்டுபோகலாம், அதைத் தாண்டினால் மொத்த மதிப்புக்கும் வரி கட்டவேண்டும் என்பதை, 200 பிராங்க் மேற்சட்டையை எங்களுக்கு எடுத்துக்காட்டிய கடையில் நாங்களாகக் கேட்கும்வரை சொல்லவில்லை. கேட்காமல் வாங்கியிருந்தால் சுங்கத்தில் 16 பிராங்குக்கு மேல் கட்டியிருப்போம். வெளியூரிலிருந்து வருகிறவர்களிடம் இதை முதலிலேயே சொல்வதுதான் நேர்மை.

மேற்சட்டையை விட்டுவிட்டு, ஒரு புட்டியும் சிறிய வாசனைத் திரவியமும் வாங்கிக்கொண்டு, மிச்ச நேரத்தை ஊரின் ரவைஷ் பகுதியிலிருந்து மேலேறும் ஈரடுக்குக் கம்பிவட ஊர்திக்குக் கொடுத்தோம். உலகின் முதல் ஈரடுக்குக் கம்பிவட ஊர்தியான அது 1995இலிருந்து ஓடுகிறது. பயணம் வீண்போகவில்லை என்று எனக்குத் தோன்றியது அதில் ஏறிய பிறகுதான்.