பால் கொடுக்கும்போது எந்த ஆன்டிபயாடிக்?

மருந்துச்சீட்டை வாங்கியதும் தாய்மார்கள் கேட்பது, "இதைப் போட்டுக்கிட்டா பால் கொடுக்கலாமா?" என்றுதான். பெரும்பாலான ஆன்டிபயாடிக்குகளுக்குப் பதில், கொடுக்கலாம். தாய்க்குப் போகும் அளவையும் பால் வழியாகக் குழந்தைக்குப் போகும் அளவையும் அவரவர் எடைக்கு வகுத்துப் பார்ப்பார்கள். குழந்தையுடையது தாயுடையதில் 10 சதவீதத்துக்குள் இருந்தால் பொதுவாகப் பயமில்லை. ஆகவே உண்மையான போட்டி, அனுமதி பெற்ற மருந்துகளுக்குள்ளேயேதான்.

இதில் என் முதல் ஓட்டு அமாக்சிசிலினுக்கு. பால் வழியாகக் குழந்தைக்குப் போவது சுமார் 1 சதவீதம்தான். பச்சிளங்குழந்தைக்கே நேரடியாகக் கொடுக்கும் மருந்து வேறு. சில குழந்தைகளுக்கு மலம் இளகும், சிலருக்கு வாயில் வெள்ளை படியும். நாக்கில் இருப்பது வெறும் பால் என்றால் ஈரத்துணியால் துடைத்ததும் போய்விடும். கன்னத்தின் உட்புறத்திலும் ஒட்டிக்கொண்டு, துடைத்தால் அடியில் சிவப்பாகத் தெரிந்தால் அது பூஞ்சை. அதற்குத் தனி மருந்து உண்டு, பாலை நிறுத்த வேண்டியதில்லை.

அதே அமாக்சிசிலினோடு கிளாவுலனேட் என்ற துணை மருந்து சேர்ந்தால் கிருமிகளை எதிர்க்கும் பலம் கூடுகிறது, குழந்தையின் வயிற்றில் தொல்லையும் கூடுகிறது. ஓர் ஆய்வில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு குழந்தைக்கு வயிற்றுப்போக்கு, தடிப்பு, சிணுங்கல் என்று ஏதோ ஒன்று வந்தது. எல்லாம் லேசானவைதான். சாதா மாத்திரை போதுமான இடத்தில் இதைத் தேட வேண்டாம் என்பேன்.

ஆனால் மார்பே சிவந்து, சூடாகி, காய்ச்சலும் வந்துவிட்டால் அமாக்சிசிலின் தோற்றுப்போகும். அங்கே பெரும்பாலும் குற்றவாளி ஸ்டாஃபிலோகாக்கஸ் என்ற பாக்டீரியா. அமாக்சிசிலினை உடைத்துப்போடும் நொதி அதனிடம் உண்டு. கிளாக்சசிலின் வகையோ செஃபலெக்சினோதான் அங்கே பொருத்தம். இரண்டுமே பாலில் மிகக் குறைவாகத்தான் வரும். "மருந்து முடியும்வரை பால் கொடுக்காதே" என்று யாராவது சொன்னால், அதைவிடக் கெட்ட யோசனை அப்போது இருக்க முடியாது. பால் தேங்கினால் கட்டு இறுகும், சீழ் பிடிக்கவும் வழியாகும்.

பெனிசிலின் ஒவ்வாமை உள்ளவர்களுக்கு அசித்ரோமைசின் வரும். ஒரு நாளைக்கு ஒரு மாத்திரை, மூன்றே நாளில் முடிந்துவிடும் என்பதால் பலருக்குப் பிடிக்கும். மாத்திரை முடிந்தாலும் மருந்து சில நாள் உடம்பில் தங்கியிருக்கும் என்பது நினைவிருக்கட்டும். குழந்தை பிறந்து இரண்டு வாரத்துக்குள் என்றால் நான் சற்றுத் தயங்குவேன். எரித்ரோமைசின் முதலான இந்தக் குடும்பத்து மருந்துகளுக்கும், இரைப்பையிலிருந்து குடலுக்குப் போகும் வாய் தடித்து அடைத்துக்கொள்ளும் அரிய கோளாறுக்கும் தொடர்பு இருக்கலாம் என்ற சந்தேகம் உண்டு. குடித்த பால் பீய்ச்சியடித்து வெளியே வந்து, உடனே குழந்தை மறுபடி பசித்து அழுதால் அன்றைக்கே மருத்துவரிடம் ஓட வேண்டும்.

மெட்ரோனிடசோல் கொஞ்சம் தாராளமாகவே பாலில் இறங்கும்; அந்த 10 சதவீதக் கோட்டைத் தொட்டு நிற்கும் மருந்து. பாலே கசக்கும் என்பார்கள். வழக்கமான 400 மில்லிகிராம் கோர்ஸுக்குப் பலரும் பாலைத் தொடரச் சொல்கிறார்கள். ஒரே வேளையில் 2 கிராம் போடுவதாக இருந்தால் 12 முதல் 24 மணி நேரம் இடைவெளி விடச் சொல்வோர் உண்டு. அதற்கு முன்பே பாலைப் பீய்ச்சி எடுத்து வைத்துக்கொள்வது நல்லது.

டாக்சிசைக்ளின், சிப்ரோஃப்ளாக்சசின் இரண்டும் குறுகிய கோர்ஸுக்குப் பரவாயில்லை, ஆனால் முதல் தேர்வு அல்ல.

சிறுநீர்த் தொற்றுக்கு வரும் நைட்ரோஃபுரான்டாயினும் கோட்ரைமாக்சசோலும் மூன்று மாதக் குழந்தையின் தாய்க்கு ஒரு கணக்கு, பத்து நாள் குழந்தையின் தாய்க்கு வேறு கணக்கு. குறைமாதக் குழந்தை, மஞ்சள் காமாலை உள்ள குழந்தை, ஜி6பிடி நொதிக் குறைபாடு (ரத்தச் சிவப்பணுக்கள் எளிதில் உடையும் பிறவிக் குறை) உள்ள குழந்தை என்றால் இவற்றைத் தவிர்ப்பார்கள். ஆகவே "பால் கொடுக்கிறேன் டாக்டர்" என்பதோடு நிறுத்திவிடாமல், பிறந்து எத்தனை நாள், எத்தனையாவது வாரத்தில் பிறந்தது, கண் மஞ்சளாக இருந்ததா என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.