பழைய பிளேயருக்குப் புது பேட்டரியா, புது பிளேயரா?

மியூசிக் பிளேயர் ஆன் ஆகவில்லை, சார்ஜும் ஏறவில்லை என்றால் முன்னால் இருப்பது மூன்று வழிகள். பேட்டரியை மாற்றலாம், புது பிளேயர் வாங்கலாம், இரண்டும் வேண்டாமென்று பாட்டையெல்லாம் போனில் ஏற்றிக்கொள்ளலாம். ஹார்டு டிஸ்க் வைத்த என் பழைய பிளேயருக்கு நான் பேட்டரிதான் மாற்றினேன். அதனால் இந்த அலசல் அந்தப் பக்கம் சாய்ந்துதான் இருக்கும்.

ஆனால் செலவு செய்யும் முன், பிளேயர் உண்மையிலேயே போய்விட்டதா என்று பார்த்துவிட வேண்டும். பட்டன்களைப் பூட்டும் ஹோல்ட் ஸ்விட்ச், வேறு கேபிள், வேறு சார்ஜர் எல்லாம் எல்லோரும் பார்ப்பதுதான். ரீசெட்டையும் செய்து பாருங்கள். முன்னால் வட்டமான கிளிக் வீல் வைத்த ஐபாட் என்றால் ஹோல்டை ஒருமுறை தள்ளித் திரும்பக் கொண்டுவந்துவிட்டு, மெனுவையும் நடு பட்டனையும் சேர்த்து 6 முதல் 8 நொடி அழுத்த வேண்டும். வாக்மேன் மாடல்கள் பலவற்றில் ஊசி நுழையும் அளவுக்கு ஒரு ரீசெட் துளை இருக்கும். மற்றவற்றில் பவர் பட்டனை அரை நிமிடம் விடாமல் அழுத்திப் பார்க்கலாம்.

அதற்கும் மசியவில்லையா? லித்தியம் பேட்டரி சாதாரணமாக 3.7 வோல்ட், நிறைந்தால் 4.2 வோல்ட். மாதக்கணக்கில் டிராயரில் கிடந்து 3 வோல்ட்டுக்குக் கீழே இறங்கிவிட்டால், சார்ஜிங் சிப் அதற்கு முழு வேகத்தில் மின்சாரம் தராது. பாதுகாப்புக்காகச் சொட்டுச் சொட்டாகத்தான் ஏற்றும். அந்த நேரம் முழுக்கத் திரை கருப்பாகவே இருக்கும். பத்து நிமிடம் பார்த்துவிட்டுக் கேபிளைப் பிடுங்குகிறவர்கள் நல்ல பிளேயரையே குப்பையில் போடுகிறார்கள். சில மணி நேரம் அப்படியே விடுங்கள். அதுவும் பவர் பேங்கில் வேண்டாம். இழுக்கும் மின்சாரம் மிகக் குறைவாக இருந்தால் பல பவர் பேங்குகள் எதுவும் மாட்டவில்லை என்று நினைத்துத் தாமே அணைந்துவிடும். கணினியின் யுஎஸ்பி போர்ட் இதற்கு நல்லது.

டைப்-சி பிளேயர்களில் இன்னொரு கோளாறு உண்டு. மலிவான மாடல்கள் சிலவற்றில், பிளேயர் மாட்டியிருப்பதைச் சார்ஜருக்குக் காட்ட போர்ட்டில் இருக்க வேண்டிய 5.1 கிலோஓம் ரெசிஸ்டர்களை வைக்காமல் விட்டுவிடுகிறார்கள். இரண்டு முனையும் டைப்-சியாக இருக்கும் கேபிளில் மாட்டினால் சார்ஜர் அதைக் கண்டுகொள்ளவே கண்டுகொள்ளாது. ஒரு முனை பழைய அகல யுஎஸ்பியாக இருக்கும் கேபிளில் மாட்டினால் ஒழுங்காக ஏறும். பிளேயர் செத்துவிட்டதாகவே தோன்றும், குறை என்னவோ கேபிள் பொருத்தத்தில்தான்.

ஓடும் மின்சாரத்தை அளக்கும் யுஎஸ்பி மீட்டர் ஒன்று கிடைத்தால் ஊகிக்கவே வேண்டாம். சார்ஜருக்கும் கேபிளுக்கும் நடுவில் மாட்டிப் பாருங்கள். சில பத்து மில்லிஆம்பியர் ஓடினால் மெதுவாக ஏறிக்கொண்டிருக்கிறது, பொறுத்திருக்கலாம். சுத்தமாகப் பூஜ்யம் என்றால் போர்ட், உள்ளே இருக்கும் சர்க்யூட் பலகை, அல்லது தொடர்பைத் துண்டித்துவிட்ட பேட்டரி, இவற்றில் ஒன்று.

சரி, பேட்டரிதான் போயிற்று என்று வைத்துக்கொள்வோம்.

போனுக்கு மாறுவதைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. தனிச் செலவு கிடையாது. ஐபோன் 7 வந்த 2016 முதல் இயர்போன் துளை ஒவ்வொரு போனாகக் காணாமல் போய்க்கொண்டிருக்கிறது, அது ஒரு தொல்லை. பாட்டு மாற்ற எடுத்த கை வேறெங்கோ போய் அரை மணி நேரம் கழித்துத் திரும்புவது அதைவிடப் பெரிய தொல்லை. இது பரவாயில்லை என்பவருக்குப் போன் போதும்.

புது பிளேயர் ஆசை காட்டும். ஐபாடை நிறுத்துவதாக ஆப்பிள் 2022 மே மாதம் அறிவித்துவிட்டாலும் மற்ற நிறுவனங்கள் செய்துகொண்டுதான் இருக்கின்றன. டைப்-சி, மெமரி கார்டு, ஒலித்தரம் குறையாத ஃபிளாக் கோப்பு எல்லாம் உண்டு. ஆண்ட்ராய்டில் ஓடும் பெரிய பிளேயர்களை நான் இரவல் வாங்கிச் சில நாட்கள்தான் கேட்டிருக்கிறேன், அவற்றின் ஒலி பற்றித் தீர்ப்புச் சொல்லும் அளவுக்கு அனுபவம் இல்லை. சும்மா வைத்திருந்தாலே சார்ஜ் இறங்குவதை மட்டும் கவனித்தேன்.

என் முடிவைத் தீர்மானித்தது ஒலியோ விலையோ அல்ல, பேட்டரி உள்ளே எப்படி உட்கார்ந்திருக்கிறது என்பதுதான். 1979-இல் வந்த முதல் வாக்மேன் இரண்டு ஏஏ பேட்டரியில் ஓடியது. 1998-இல் வந்த ரியோ பிஎம்பி300 எம்பி3 பிளேயருக்கு ஒரே ஒரு ஏஏ போதும். பேட்டரி மாற்றுவதை யாரும் ரிப்பேர் என்று சொன்னதில்லை. லித்தியம் பேட்டரியை உள்ளே வைத்து மூடிய பிறகுதான் பேட்டரியின் ஆயுளே பிளேயரின் ஆயுள் என்றாகிவிட்டது. சில நூறு முழு சார்ஜில் அது தளர்ந்துவிடும், பயன்படுத்தாமல் வைத்தாலும் வயதாகும். ஆக இன்று வாங்கும் பிளேயரிலும் சில வருடம் கழித்து இதே கேள்விதான் வந்து நிற்கும். அன்றைக்கு அதைத் திறக்க முடியுமா?

பழையதில் பதில் தெரிகிறது. 5ஆம் தலைமுறை ஐபாடில் பேட்டரி பின்மூடியில் ஒட்டியிருக்கும். அதிலிருந்து வரும் பட்டையான ரிப்பன் கேபிள் ஒன்று பலகையில் இருக்கும் கனெக்டரில் மாட்டியிருக்கும், தாழ்ப்பாளைத் தூக்கினால் கழன்று வரும். இயர்போன் ரிப்பனும் பின்மூடியையும் பலகையையும் இணைத்துக்கொண்டு நிற்பதால் மூடியை வேகமாகப் பிரிக்கக் கூடாது. பிளாஸ்டிக் நெம்பியும் பொறுமையும் போதும். இதற்கு நேர்மாறாக, முதல் ஐபாட் நானோவில் பேட்டரி கம்பிகள் பலகையிலேயே சால்டர் செய்யப்பட்டிருக்கும். கை பழகாதவர்கள் ரிப்பேர்காரரிடம் கொடுப்பதே நல்லது. ஐபாட் கிளாசிக்கில் முன்பக்கமும் உலோகம், கிளிப்புகள் இறுக்கம், மூடி வளையாமல் திறப்பதே பெரிய வேலை.

புது பேட்டரி வாங்குவதில்தான் உண்மையான சிக்கல். உற்பத்தி நின்ற மாடல்களுக்கு விற்கும் பேட்டரி, அலமாரியில் வருடக்கணக்கில் தூங்கியதாகவும் இருக்கலாம். வந்தவுடன் மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள். 3.7 வோல்ட்டை ஒட்டிக் காட்டினால் சரி, 3-க்குக் கீழே என்றால் பொருத்தாமலே திருப்பி அனுப்பலாம். மூன்று கம்பி பேட்டரி இருந்த இடத்தில் இரண்டு கம்பியை வைக்கக் கூடாது, பல மாடல்களில் அந்த மூன்றாவது கம்பிதான் வெப்பநிலையைச் சொல்கிறது. மூடி பிதுங்கியிருந்தால் பேட்டரி உப்பியிருக்கிறது என்று அர்த்தம். அதைச் சார்ஜில் போடவே வேண்டாம். கூர்மையான எதையும் வைத்து நெம்பவும் வேண்டாம், குத்தினால் தீப்பிடிக்கும்.

இது எல்லாவற்றுக்கும் பிறகும் என் சாய்வு பழையதன் பக்கம்தான். அப்புறம், மாற்றிய பேட்டரி காலியாகவே கிடந்து மறுபடி சாகாமல் இருக்க, பாதி சார்ஜில் எடுத்துவைத்து அவ்வப்போது ஏற்றிக்கொள்ள வேண்டும். பராமரிப்பு அவ்வளவுதான்.

தண்ணீர் புகுந்து பலகையில் பச்சை பூத்திருந்தாலோ, சார்ஜிங் போர்ட் பலகையின் செப்புத் தடத்தோடு பெயர்ந்து வந்திருந்தாலோ நானும் புதிதுக்குத்தான் போவேன். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2023/1542 பேட்டரி விதி, சில விலக்குகளோடு, கையடக்கச் சாதனங்களின் பேட்டரியை வைத்திருப்பவரே கழற்றி மாற்ற முடிய வேண்டும் என்று 2027 பிப்ரவரி 18 முதல் கட்டாயமாக்குகிறது. அவசரமில்லை என்றால் அதற்குப் பிறகு வரும் மாடல்களுக்குக் காத்திருக்கலாம். அவசரம் என்றால், பின்மூடி திருகில் நிற்கிறதா பசையில் நிற்கிறதா, தனி பேட்டரி விற்கிறார்களா என்று தேடிப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.